கூகை செய்த குற்றம் என்ன?

நள்ளிரவு. மக்காச்சோளக் கொல்லைகளின்மீது பனி இறங்குகிறது. ஊர் உறங்குகிறது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது. அங்கே முதியவர் ஒருவர் நோயோடு போராடிக்கொண்டிருக்கிறார். மகன் மருந்துக் குப்பியும் கையுமாக அருகில் அமர்ந்திருக்கிறான். வெள்ளைச் சேலை உடுத்த அத்தை – முதியவரின் உடன்பிறந்தாள் – வாசற்படியில் விழித்தபடி இருக்கிறாள். அந்த நேரத்தில், கூரைக்கு மேலே, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் அலறல்!

"ஐயோ, வந்துவிட்டதே பாழும் பறவை! கல்லை எடடா! அடித்து விரட்டடா!"

"அத்தை, அது ஒரு பறவைதானே?"

"பறவையா? சாவுக்கு ஓலை கொண்டுவரும் தூதன் அது! உன் தாத்தா கண்மூடிய அன்றும் இப்படித்தான் கத்தியது!"

மகன் படித்தவன். ஆனாலும் படுக்கையில் கிடப்பவர் தந்தை. அறிவு ஒருபுறம் இழுக்க, அச்சம் மறுபுறம் இழுக்க, இறுதியில் அச்சம் வெல்கிறது. கல் பறக்கிறது.

எந்த ஊரில் நடந்தது என்று கேட்காதீர்கள், தோழர்களே! பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காட்டூரின் பெயரை இட்டாலும் பொருந்தும். அரியலூர்ப் பக்கத்து முந்திரிக் காட்டூரின் பெயரை இட்டாலும் பொருந்தும். தமிழகத்தின் எந்தச் சிற்றூரின் பெயரை இட்டாலும் பொருந்தும்.

பொழுது விடிகிறது. முதியவர் இறந்துவிட்டால், "பார்த்தாயா, கூகை கத்தியது, உயிர் போயிற்று!" என்பர். முதியவர் பிழைத்துக்கொண்டாலோ, "நல்லவேளை, கல்லெறிந்து விரட்டினோம், உயிர் தப்பியது!" என்பர். செத்தாலும் கூகை குற்றவாளி. பிழைத்தாலும் கூகை குற்றவாளி! எந்தத் தீர்ப்புக்கும் மேல்முறையீடு உண்டு. இந்தத் தீர்ப்புக்கு இல்லை. எந்த வழக்கிலும் குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்பர். இந்த வழக்கில் கேட்பதில்லை. ஏனெனில் குற்றவாளி வாய் திறந்தால், அதுவே குற்றம்!

ஆகவே அந்தப் பறவையின் சார்பில் நாம் வழக்காடுவோம்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் யார்?

பெயர்: கூகை. ஆந்தைக் குடும்பத்து உறவு. உயரம் ஏறத்தாழ 35 செண்டிமீட்டர். மேலுடல் பொன்னும் சாம்பலும் கலந்த நிறம். அதன்மேல் மிளகு தூவியதுபோன்ற புள்ளிகள். அடிவயிறு வெண்மை. இருப்பிடம்: பழைய கோபுரத்துப் பொந்து, பாழ்மண்டபம், மரப்பொந்து, படிக்கட்டு இடிந்த கிணற்றின் சுவர்த்துளை, ஆள் புழங்காத கட்டடம். தொழில்: எலி வேட்டை. வேலை நேரம்: இரவு.

குற்றச்சாட்டுகள் நான்கு. ஒன்று, முகம் விகாரமானது. இரண்டு, குரல் கொடியது. மூன்று, இருளில் திரிவது. நான்கு, பாழிடத்தில் வாழ்வது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகம்! காம்பை மேலாகப் பிடித்த வெற்றிலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த வடிவில், வெள்ளை வெளேரென்று, குட்டை இறகுகள் நெருங்கி விளிம்பு கட்டிய முகம் அது. அழகா, விகாரமா என்று நாம் வாதிடுகிறோம். கூகையோ அந்த முகத்தைக் கண்ணாடியில் காட்டுவதற்காக வைத்திருக்கவில்லை, கேட்பதற்காக வைத்திருக்கிறது! ஆம், அந்த முகமே ஒரு செவி. தொலைவில் இருப்பவர் பேச்சைக் கேட்கக் காதின் பின்னால் கையைக் குவிக்கிறோமே, அந்த வேலையை அதன் முகத்தட்டு ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. சிற்றொலியைத் திரட்டி, இறகுக்குள் மறைந்திருக்கும் செவித்துளைகளுக்கு அனுப்புகிறது.

அந்தச் செவிகளிலும் ஒரு விந்தை. இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று உயர்ந்தும் மற்றது சற்றுத் தாழ்ந்தும் அமைந்தவை. ஓர் ஒலி எந்தச் செவியை முதலில் எட்டியது என்பதைக் கொண்டு அது இடப்புறமா வலப்புறமா என்று அறிகிறது கூகை. எந்தச் செவியில் உரக்கக் கேட்டது என்பதைக் கொண்டு மேலா கீழா என்று அறிகிறது. நொடியைப் பல்லாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு துணுக்குக் காலத்தின் வேறுபாடு அதற்குப் போதும். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெயின், ஒளித்துளியும் புகாத அறையில் தரையெங்கும் சருகு பரப்பிச் சோதித்தார். காய்ந்த சருகின்மீது எலி ஓடும் சலசலப்பே கூகைக்குப் போதுமானதாக இருந்தது. தப்பாமல் பாய்ந்து பற்றியது. எலிக்குப் பதில் ஒரு காகிதச் சுருளைச் சருகின்மீது இழுத்தபோதும், ஒலி எழுந்த அந்த இடத்திலேயே பாய்ந்தது. கண்ணாலன்று, மணத்தாலன்று, செவியால்தான் வேட்டையாடுகிறது என்பதை 1971இல் விரிவாக எழுதி வெளியிட்டார் அவர். பின்னர், ஜப்பானில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மசகாசு கொனிஷியும் அவர் தோழர் எரிக் நுட்சனும், கூகையின் மூளைக்குள்ளே ஒலியின் திசைகளைக் குறிக்கும் ஒரு நிலப்படமே அமைந்திருப்பதை 1978இல் காட்டினர். மூளை எவ்வாறு உலகைப் படம் பிடிக்கிறது என்னும் பாடத்தை மாந்தனுக்குக் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர், நாம் கல்லெறியும் இந்தக் கூகையார்!

குரல்! கூகை குழலூதவில்லை, கீச்சிட்டு அலறுகிறது, சீறுகிறது. உண்மைதான். ஆனால் அந்த அலறலின் பொருள் என்ன? "இது என் எல்லை" என்று போட்டியாளனுக்கு அறிவிப்பது. "இங்கே இருக்கிறேன்" என்று துணையை அழைப்பது. கூட்டிலிருக்கும் குஞ்சுகளோ பசியால் இரவெல்லாம் குறட்டைபோல் ஓசை எழுப்புகின்றன. அது காதல் பேசுகிறது. நாம் சாவு என்று மொழிபெயர்க்கிறோம். குழந்தை பசிக்கு அழுகிறது. நாம் எமன் வந்தான் என்கிறோம். மொழி தெரியாதவன் செய்யும் மொழிபெயர்ப்புக்குப் பேசியவனைத் தண்டிப்பது எந்த ஊர் நீதி?

இருள்! இரவில் எலி வெளிவருகிறது. ஆகவே இரவில் கூகை வெளிவருகிறது. எலி பகலில் உலவினால், கூகையின் முன்னோர் பகலுக்கே பழகியிருப்பர். இரவு வேலைக்கென்றே அமைந்த உடல் அது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள்போன்ற அமைப்பு. பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம். மேற்பரப்பில் பட்டுபோன்ற மென்மை. இம்மூன்றும் சேர்ந்து காற்றின் ஓசையை அடக்கிவிடுகின்றன. ஓசையின்றிப் பறப்பதால் "பேய்போல வந்தது" என்கிறோம். பேயன்று தோழர்களே, இறகு! கண்கள் குழியில் அசையாமல் பதிந்தவை. ஆகவே கழுத்தைத்தான் திருப்பவேண்டும். நமக்குக் கழுத்தெலும்பு ஏழு, அதற்குப் பதினான்கு. ஏறத்தாழ 270 பாகை வரை தலையைச் சுழற்றுகிறது. "தலை பின்னால் திரும்புகிறது, பிசாசு!" என்று நடுங்குகிறோம். எலும்பை எண்ணத் தெரிந்தவனுக்கு அது பிசாசன்று, கணக்கு!

பாழிடம்! கூகை கூடு கட்டத் தெரியாத பறவை. கிடைத்த பொந்தில் முட்டையிடும். மனிதர் நடமாட்டம் குறைந்த இடத்தில் பொந்து கிடைக்கிறது. வீடு பாழான பிறகு கூகை குடியேறியதே தவிர, கூகை குடியேறியதால் வீடு பாழாகவில்லை. காரணத்தையும் விளைவையும் தலைகீழாக்குவதுதானே மூடநம்பிக்கையின் பழைய தொழில்! கோபுரத்தின் பொந்திலும் அது குடியிருக்கிறது. உயரத்திலே கடவுளுக்கு அண்டைவீட்டுக்காரனாக வாழ்வதையே ஆகாத பறவை என்று கீழே நின்று ஏசுகிறார் பக்தர். கோபுரம் ஏற அது யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை, குலமும் சொல்லவில்லை. ஒருவேளை அதுதான் குற்றமோ, என்னவோ!

நம்பிக்கை எப்படி முளைத்தது?

"அப்படியானால் எங்கள் பாட்டனும் பூட்டனும் பொய்யா சொன்னார்கள்?" என்று கேட்பார் சிலர். பொய் சொல்லவில்லை. பிழையாகக் கணக்கிட்டார்கள்.

எண்ணிப் பாருங்கள். கூகை பெரும்பாலான இரவுகளில் கத்துகிறது. ஊர் உறங்குவதால் கேட்பதில்லை. என்றைக்கு ஒரு வீட்டில் நோயாளிக்காக விழித்திருக்கிறார்களோ, அன்றைக்கு அந்தக் குரல் காதில் விழுகிறது. கத்தியும் சாவு நேராத நூறு இரவுகள் மறந்துபோகின்றன. கத்தியபின் சாவு நேர்ந்த ஓர் இரவு மட்டும் மூன்று தலைமுறைக்குக் கதையாக நிற்கிறது. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கப்பிள்ளையின் பேரேடு அது!

இதை நம் இளைஞர்கள் எளிதில் சோதித்துவிடலாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். நான்கு பத்தி கட்டுங்கள்: கூகை கத்திய இரவு, கத்தாத இரவு, ஊரில் சாவு நேர்ந்த நாள், நேராத நாள். ஓராண்டு எழுதுங்கள். மேடையில் நூறு முறை முழங்குவதைவிட அந்த நோட்டுப் புத்தகம் உரக்கப் பேசும். அரியலூர் மண், கிரிட்டேசியஸ் காலத்துக் கடலுயிர்களின் புதைபடிவங்களைச் சுமந்து நிற்கும் மண். ஊமைக் கல்லையே கேள்வி கேட்டுக் கோடிக்கணக்கான ஆண்டுக் கதையைச் சொல்லவைத்திருக்கிறது அறிவியல். கல்லைக் கேட்க முடிந்த நமக்கு, பறவையைக் கேட்க முடியாதா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இங்கே சாவின் தூதன் எனப்படும் ஆந்தை, வங்கத்திலே செல்வத்தின் தெய்வமான இலக்குமிக்கு ஊர்தி! ஒரே பறவை, ஓரிடத்தில் எமனுக்கு ஏவலாள். ஓரிடத்தில் இலக்குமிக்கு வாகனம். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இரண்டும் பொய்யாக இருக்கலாம் அல்லவா? வாகனம் என்று வணங்கும் பகுதியிலாவது அதற்கு வாழ்வு உண்டா என்றால், அதுவுமில்லை. வட இந்தியாவில் தீபாவளியை ஒட்டிச் செல்வம் பெருகும் என்று ஆந்தைகளைப் பிடித்துப் பலியிடும் கொடுமையையும், அதற்கான கள்ள வாணிகத்தையும் 2010இல் டிராஃபிக் இந்தியா என்னும் அமைப்பின் அறிக்கை எடுத்துக்காட்டியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். இழிவென்று சொல்லியும் கொல்லுகிறார்கள். உயர்வென்று சொல்லியும் கொல்லுகிறார்கள். மூடநம்பிக்கையின் ஏச்சைப் போலவே அதன் ஏத்தும் உயிருக்கு உலைதான்.

பழந்தமிழர் என்ன கண்டார்?

நம் இலக்கியத்திலும் கூகை இருக்கிறது. சுடுகாட்டுக் காட்சியில் கூகைக் கோழியைப் பாடியதாலேயே கூகைக்கோழியார் என்று பெயர்பெற்ற புலவர் புறநானூற்றில் உண்டு. ஆகவே சாவோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது பழைய வழக்கமே என்பதை ஒப்புக்கொள்வோம். பழையது என்பதற்காகச் சரியென்று ஒப்புக்கொள்ளமாட்டோம்! வள்ளுவரோ காலமறிதல் என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்பதைச் சான்றாக்குகிறார். சகுனம் பார்க்கவில்லை அவர்; பறவையைப் பார்த்தார். நற்றிணையின் 83ஆம் பாட்டில் பெருந்தேவனார் படைத்த தோழி, காதலன் இரவில் வரும் வேளையில் கத்தி ஊரை எழுப்பிவிடாதே என்று கூகையிடம் கெஞ்சுகிறாள். கத்தாதிருந்தால் நெய்ச்சோறும் இறைச்சியும் தருவதாகச் சொல்கிறாள். அதோடு என்ன தருகிறாளாம்? சுட்ட எலி! அந்தப் பறவைக்கு எது விருந்து என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தெரிந்த செய்தி, இன்றைக்குக் கல்லெறியும் கைக்குத் தெரியவில்லை.

பயன் உண்டு, ஆனால் பயன் மட்டுமா?

கூகை இரையைப் பெரும்பாலும் முழுதாக விழுங்குகிறது. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடுகிறது. அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், உள்ளேயிருக்கும் மண்டையோடுகளைக் கொண்டு என்னென்ன தின்றது என்று எண்ணிவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் படுகையில் இப்படி உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தனர். கிடைத்தவற்றுள் மிகுதி வயலெலியும் சுண்டெலியும் மூஞ்சூறுமே. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையில் நெல் விளைகிறது. பெரம்பலூர் மேட்டில் மக்காச்சோளம் விளைகிறது. இரண்டிலும் பங்கு கேட்பவன் எலி. கதிரறுத்து வளையில் சேர்க்கும் அந்தத் திருடனைப் பிடிக்கும் இரவுக் காவற்காரனை, "திருடன் வந்தான்" என்று அடிப்பவர் நாம்!

வயலில் தென்னைமட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கும் உழவர் உண்டு. பகலில் கரிக்குருவி அதில் அமர்ந்து பூச்சி பிடிக்கிறது. இரவில் ஆந்தையினம் அமர்ந்து எலி பார்க்கிறது. செலவு ஒரு மட்டை! இஸ்ரேல் நாட்டில், ஸ்தே எலியாகு என்னும் கூட்டுப்பண்ணையில் 1983 முதல் கூகைக்குப் பெட்டிக் கூடுகள் வைத்தனர். 2002 முதல் எல்லைக்கு அப்பால் ஜோர்டானிய உழவரும் பாலஸ்தீன உழவரும் சேர்ந்துகொண்டனர். அங்கும் அரபு மக்களிடையே ஆந்தை கெட்ட சகுனமாகத்தான் கருதப்பட்டது. பகைகொண்ட நாடுகளின் உழவர் ஒரு பறவையை முன்னிட்டுப் பேச முடிந்தது. பழைய அச்சத்தையும் கைவிட முடிந்தது.

இத்தோடு முடித்துவிடலாம். "கூகை பயன் தரும் பறவை, ஆகவே அடிக்காதீர்" என்று கையெழுத்திட்டுவிடலாம். ஆனால் தோழர்களே, இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். பயன் தருகிறது என்பதற்காகத்தான் விடுதலை என்றால், பயன் தராத பறவையைக் கல்லால் அடிக்கலாமா? நாளைக்கே எலியெல்லாம் ஒழிந்துபோனால், கூகையின் வாழ்வுரிமையும் ஒழிந்துபோகுமா? குற்றமற்றவனை விடுதலை செய்ய வேண்டியது அவன் உழைப்பாளி என்பதாலா, குற்றமற்றவன் என்பதாலா?

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்தை வரவேற்கிறோம், மகிழ்ச்சி! அந்த வாத்து எந்த எலியைப் பிடித்தது? பயன் கேட்டா வரவேற்றோம்? விருந்தாளிக்கு ஒரு நீதி, வீட்டுக்காரனுக்கு ஒரு நீதியா?

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். வாசற்படியில் அமர்ந்து "கல்லை எடடா" என்ற அத்தையை நினைவிருக்கிறதா? அவள் உடுத்தது வெள்ளைச் சேலை. இளமையிலேயே கணவனை இழந்தவள். யாரேனும் பயணம் புறப்பட்டால் எதிரே வந்துவிடக்கூடாது என்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கப் பழகியவள். வீட்டுத் திருமணத்தில் விடிய விடியச் சமைத்துவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் அடுக்களை இருளிலேயே நின்றவள். அவள் என்ன குற்றம் செய்தாள்? கணவன் நோயில் மடிந்தான். பழி அவள் முகத்தில் விழுந்தது. 1856இலேயே விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது. சட்டம் வந்த வேகத்தில் மனம் வரவில்லை.

கூகைமீது அவள் எறியச் சொன்ன கல், அவள்மீது ஊர் எறிந்த அதே கல்! தன்னைச் சுட்ட சொல்லையே இன்னொரு வாயில்லா உயிர்மீது வீசுகிறாள். வீசுவது தெரியாமலே வீசுகிறாள். அபசகுனம் என்னும் கருத்தின் கொடுமை இதுதான். நம் அச்சத்துக்கு ஓர் உருவம் தேவைப்படுகிறது. எதிர்த்துப் பேச முடியாத ஒன்றைத் தேடுகிறோம். கைம்பெண் அகப்பட்டால் கைம்பெண். ஒதுக்கப்பட்ட குலத்தான் அகப்பட்டால் அவன். யாரும் இல்லையேல் கூரைமேல் ஒரு பறவை. எழுத்தாளர் சோ. தர்மன் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வைப் புதினமாக்கியபோது, பகலில் மற்றப் பறவைகளால் கொத்தி விரட்டப்படும் கூகையின் பெயரையே அதற்குச் சூட்டினார். பொருத்தம் நம் உள்ளத்தைச் சுடவேண்டும்.

பகுத்தறிவு என்பது பறவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று; பழியைப் பற்றிய நீதி. காரணம் காட்டாமல் எவர்மீதும் குற்றம் சுமத்தமாட்டேன் என்னும் உறுதி அது. பறவைக்கு அந்த நீதியை வழங்கப் பழகியவன் மனிதருக்கு வழங்கத் தவறமாட்டான்.

நம்முடைய கணக்கு

இறுதியாக, நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி. "எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை" என்று மார்தட்டும் தோழர், கொல்லையில் எலிக்கு நஞ்சு வைக்கிறார். சில நஞ்சுகள் இரத்தத்தை உறையவிடாமல் செய்து, எலியை நாட்கணக்கில் மெல்லக் கொல்பவை. தள்ளாடும் எலி கூகைக்கு எளிய இரை. எலியோடு நஞ்சும் கூகையின் குஞ்சு வயிற்றுக்குப் போகிறது. மூடநம்பிக்கையாளன் கல்லால் ஒன்றைக் கொன்றால், சிந்திக்காத "அறிவாளி" நஞ்சால் ஒரு கூட்டையே கொல்கிறான். கூகை ஒன்றே எலியையெல்லாம் ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு மூடநம்பிக்கை ஆகிவிடும். வளை தோண்டுதல், பொறி வைத்தல், வரப்பைச் சிறிதாக்குதல் எல்லாம் வேண்டும். ஆனால் உதவிக்கு வருபவனைக் கொல்லாமலாவது இருக்கலாமே!

அத்தையைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம். ஏளனத்தால் அச்சம் தீராது. அருகில் அமருங்கள், உருண்டையைப் பிரித்து எலியின் மண்டையோட்டைக் காட்டுங்கள். அதற்கு முன், அடுத்த பயணத்துக்குப் புறப்படும்போது அந்த அத்தையை வாசலுக்கு அழைத்து, "எதிரே வாருங்கள் அத்தை, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லுங்கள். தன்மீது விழுந்த பழி பொய்யென்று அவள் உணரும் நாளில், கூகைமீது விழுந்த பழியும் பொய்யென்று உணர்வாள்.

பிறகு ஓர் இரவு கூரைமேல் அந்தக் குரல் மீண்டும் எழும். பேரன் திடுக்கிட்டு விழிப்பான்.

"பயப்படாதே கண்ணே, கூகை எலி பிடிக்க வந்திருக்கிறது. நீ தூங்கு" என்பாள் அத்தை.

அன்றைக்கு அந்த வீட்டில் இருவருக்கு விடுதலை.